பேர் போடாத கார்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுதிப் பழக்கம் இல்லை. வரிகள் முன்னுக்குப் பின்னாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். எது எந்த வருஷம் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் மாறிப்போகிறது. எழுபதுக்குப் பிறகு, எண்பதுக்கு முன்பு என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

நான் சொல்லப்போகிறவளின் பேரை எழுதவில்லை. மதினி என்றுதான் கூப்பிட்டேன். சொந்தம் கிடையாது. பழனிசெட்டிபட்டியில் ஒரே வளவில் எதிர் எதிரே குடியிருந்தோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். எழுத்தில் ‘அவர்’ என்று போடுவதுதான் மரியாதை, தெரியும். ஆனால் நான் எந்நேரமும் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை மனதுக்குள் ‘அவர்’ என்று எப்படி நினைப்பது? அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

அந்த வளவில் ஐந்து வீடுகள், நடுவில் ஒரு குழாய். தெருவாசலை ஒட்டிய முதல் வீடு எங்களுடையது. தபால்காரர் உள்ளே வரமாட்டார். ஐந்து வீட்டுத் தபாலையும் எங்கள் ஜன்னல் திட்டில் வைத்து, சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போய்விடுவார். எடுத்து வீடு வீடாகக் கொடுப்பது என் வேலை. யாரும் வைத்த வேலை இல்லை, தானாக அமைந்தது. கவரை நான் தொட்டுப் பார்த்ததோடு சரி. கார்டை மட்டும் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

எனக்குக் கார்டு வராது. கம்பத்திலிருந்து என் அம்மா யாரையாவது எழுதச் சொல்லி அனுப்புகிற கார்டுகூட என் வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும். கடைசி வரியில் நான் இருப்பேன், ‘மகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்’ என்று. மதினிக்கு வாரத்துக்கு ஏழெட்டுக் கார்டு வரும், எல்லாம் அவள் பேருக்கு. திருச்சி, கோயமுத்தூர், நான் கேள்வியே படாத ஊர்கள். அதில் பாதிக்கு மேல் திட்டு.

அவள் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவள். பத்திரிகையில் யாராவது ஒன்று எழுதியிருப்பார்கள். படித்தவர்கள் எல்லாரும் ஆகா என்று எழுதுவார்கள். இவள் மட்டும் ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்று தொடங்கி எழுதுவாள். அந்தக் காலத்தில் கடிதத்துக்குக் கீழே முழு விலாசமும் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஊர்ப்பட்ட ஆட்கள் கார்டு போட்டுத் திட்டுவார்கள்.

படிப்பு என்று பார்த்தால் என்னைவிட மூன்று வகுப்புதான் கூட. ஆள் ஒல்லி. ஒரு பச்சைக் கலர் மைப்பேனாவைக் கொண்டையில் செருகி வைத்திருப்பாள். குழாயடியில் குனியும்போது அது குடத்துக்குள் விழும், எடுத்துத் துடைத்து மறுபடி செருகிக்கொள்வாள். ரவிக்கையின் பின்கழுத்தில் எப்போதும் மைக்கறை. சோற்றை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால் அடிப்பிடித்த வாசனை எங்கள் வீடு வரைக்கும் வரும். அந்த வாசனை வந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. என் அடுப்பில் ஒருநாளும் சோறு அடிப்பிடித்ததில்லை.

குறையே இல்லாதவள் என்று நினைக்காதீர்கள். தன் பேரை அச்சில் பார்ப்பதில் அவளுக்கு ஆசை அதிகம். பழைய டைரி ஒன்றில் தன் கடிதத்தை எல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். பத்திரிகை வந்த அன்றைக்குக் குழாயடியில் முதல் கேள்வியே, “படிச்சீகளா?” என்பதுதான். சில சமயம் எல்லாரும் சரி என்கிறார்களே என்பதற்காகவே இல்லை என்பாள் என்று எனக்குப் படும். வாயைத் திறந்தால், “நீ சொல்றது ஒண்ணு. இன்னொண்ணு இருக்குல்ல?” என்பாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால்கூட அதற்கும் இன்னொன்று வைத்திருப்பாள்.

அவள் வீட்டுக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடையில் வேலை பார்த்தார். நல்ல மனுஷன், ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர். முதல் கடிதம் அச்சில் வந்தபோதே அவர் ஒரு கட்டுப்பாடு போட்டார். குழாயடியில் எங்கள் எல்லார் முன்னாலும்தான் சொன்னார்.

“வெளியூர்க்காரன் திட்டுனா அது வெளியூரோட போயிரும். எழுதிக்க. இங்கன உள்ளவுக நம்ம வீட்டைப் பத்திப் பேசுற மாதிரி ஒரு வார்த்தை வந்துச்சு, அன்னிக்கே பேனாவ எங்கிட்டக் குடுத்துரணும்.”

“குடுத்துருதேன்” என்றாள் மதினி. அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

திட்டுக் கார்டுகளை அவள் என்ன செய்வாள் என்பதைச் சொல்ல வேண்டும். அடுப்படிச் சுவரில் கடிதம் குத்திவைக்கிற கம்பி ஒன்று தொங்கும். வந்த அன்றைக்குப் பதில் எழுதமாட்டாள். படித்ததும் கம்பியில் குத்திவிடுவாள். இரண்டு நாள் கழித்து எடுத்து மறுபடி படித்துவிட்டுத்தான் பதில்.

“எதுக்கு மதினி இதையெல்லாம் ரெண்டு தரம் படிக்கிறீக? கிழிச்சு அடுப்புல போடுங்க” என்றேன் ஒருநாள்.

“மொதத் தரம் என்னையத் திட்டுனதாப் படிக்கிறேன் புள்ள. ரெண்டாவது தரம் நானே உக்காந்து திட்டுனதாப் படிக்கிறேன். அப்பத்தான் அவுகளுக்கு எங்கன வலிச்சதுன்னு தெரியுது.”

மேகமலை விஷயம் அப்படித்தான். பட்டணத்து அம்மா ஒருத்தி மேகமலைக்குப் போய்வந்து, சொர்க்கம் அங்கேதான் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். மதினியின் அக்கா அங்கே தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் இருந்தாள். மதினி எழுதினாள்: ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜீப்பில் போய் ஜீப்பில் திரும்பியவருக்குச் சொர்க்கம்தான். என் அக்கா வீட்டில் மழைக்காலம் முழுக்கக் கம்பளி காயாது. அட்டை கடித்த காலோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்.’

பத்துக் கார்டாவது வந்திருக்கும். அதில் ஒன்று அந்த மலையிலேயே கொழுந்து நிறுக்கிறவர் எழுதியது. ‘எங்களுக்குச் சோறு போடுகிற இடத்தை இழிவாக எழுத நீ யார்? உன் அக்காவைக் கீழே கூட்டிக்கொண்டு போய் நீ வைத்துக் காப்பாற்று’ என்று. படித்த எனக்கே ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் கம்பியில் தொங்கியபிறகு மதினி பதில் எழுதினாள்: ‘உங்கள் கார்டு கிடைத்தது. உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம். நான் குளிரை மட்டும் எழுதினேன், சோற்றை எழுதவில்லை. அது என் தப்பு. ஆனால் கம்பளி காய்வதில்லை என்பது உண்மை. உங்கள் வீட்டில் காய்கிறதா என்று தெரிவிக்கவும்.’

ஒரு மாதம் கழித்து அந்த மனுஷன் நேரே வந்துவிட்டார். சின்னமனூருக்கு ஒரு வேலையாக இறங்கினாராம், அப்படியே பஸ் ஏறி வந்தாராம். வாசலில் நின்று, “கம்பளி காயலைங்கம்மா” என்று சொல்லித் தேயிலைத்தூள் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தோம். மதினி அதில் பாதியை எனக்குப் பங்கு வைத்தாள். அவ்வளவு நல்ல தேயிலையை நான் அதுவரை குடித்ததில்லை.

“எப்பிடித்தா இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“சுமாரா இருந்துச்சு மதினி, லேசா கசக்குது” என்றேன்.

குழாய்ச் சங்கதி இன்னும் மோசம். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். யார் முதலில் குடம் வைக்கிறார்களோ அவர்களுக்கு முதல் தண்ணீர். மூன்றாம் வீட்டுப் பெரியம்மா விடியுமுன்பே ஏழு குடத்தை வரிசையாக வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும். ஒருநாள் மாவாட்டும்போது மதினியிடம் சொன்னேன், “இன்னிக்கு மொத வீடு மொதல்ல, நாளைக்கு ரெண்டாம் வீடு மொதல்லன்னு வச்சுக்கிட்டா என்ன மதினி?” என்று. அது நான் யோசித்தது. நானே பல நாள் மனதில் போட்டு உருட்டி வைத்திருந்தது.

மறுநாளே குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது மதினி அதை எடுத்துவிட்டாள்.

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். “வந்துட்டாடி பத்திரிகைக்காரி! இனிமே தண்ணிக்கும் கார்டு எழுதிப் போட்டுத்தான் வாங்கணும்போல. நேத்து வந்தவ எனக்கு மொறை சொல்றா!”

“நான் சொல்லல பெரியம்மா, இவ சொன்னா. நல்லாத்தான இருக்கு?” என்று மதினி என்னைக் கை காட்டினாள்.

நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “நான் ஒண்ணும் சொல்லலயே” என்றேன்.

மதினி என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு பெரியம்மா பக்கம் திரும்பி, “சரி, நான்தான் சொன்னேன்னு வச்சுக்கங்க. உங்களுக்கு முட்டி வலி. இருட்டுக்குள்ள எந்திரிச்சு ஏழு குடம் தூக்கி வைக்கிறது யாருக்குக் கஷ்டம்? அதையும் யோசிங்க” என்றாள். அன்று முழுக்கத் திட்டு வாங்கினாள். ஒரு மாதத்தில் அந்த முறைதான் வந்தது. முட்டி வலிக்கு நிம்மதி என்று பெரியம்மாவே சொல்லிக்கொண்டு திரிந்தது. வளவில் அதற்கு ‘மதினி முறை’ என்று பேர். என் யோசனைக்கு அவள் பேர். அவள் கொடுத்ததை நானே வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். அதற்கும் அவள் மேல்தான் கோபப்பட்டேன்.

என் வீட்டுக்காரருக்குத் தேனி பஜாரில் பாத்திரக் கடையில் வேலை. பத்திரிகை வாங்கி வருவதே மதினியின் கடிதத்தைப் பார்க்கத்தான். “இந்த வாரம் தங்கச்சி யார் கூடச் சண்டைன்னு பாப்பமா?” என்று சொல்லிக்கொண்டே பிரித்துச் சத்தமாகப் படித்துச் சிரிப்பார். அவர் அப்படிச் சிரித்து நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் ‘நீ என்ன நினைக்கிற?’ என்று என்னை ஒருதரம் கேட்டது கிடையாது. கேட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இனிமேல்தான் முக்கியமானது.

தாய்ப்பாசத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பெரியவர் உருகி உருகி எழுதியிருந்தார். பிள்ளை பிறந்த நொடியே தாய்க்குப் பாசம் பொங்கிவிடும் என்று. மதினியின் கடிதம் அடுத்த வாரம் வந்தது. எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மூத்த மகள் பிறந்தபோது எனக்கு வயது பதினேழு. ஆறு மாதம் வரை அவளைப் பார்த்தால் பயம்தான் வந்தது. பாசம் பிறகு வந்தது, மெதுவாக வந்தது. இளைய மகளிடம் முதல் நாளே வந்தது. இதைச் சொன்னால் கெட்ட தாய் என்பீர்கள். சொல்லாமல் இருக்கிற பலர் உண்டு என்பதால் சொல்கிறேன்.’

சொல்லாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. என் தலைப்பிள்ளை பிறந்து எத்தனையோ நாள் அது அழுதால் எனக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கத்தான் தோன்றியது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி, நான் ஒரு பேய் என்று நினைத்து யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தேன். அந்தக் கடிதத்தைப் படித்ததும் ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ ஆத்திரம். எனக்கென்று நான் ஒளித்து வைத்திருந்தது அது ஒன்றுதான். அதையும் அவள் எடுத்துத் தன் பேரைப் போட்டு அச்சில் ஏற்றிவிட்டாளே என்று இருந்தது.

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, “எம்புட்டுத் தைரியம் பாரு. இதைச் சொல்ல ஒரு நெஞ்சு வேணும்” என்றார்.

எங்கிருந்துதான் வந்ததோ, நான் மெதுவாகச் சொல்லிவிட்டேன். “எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஆமா, தங்கச்சி எழுதுனதப் படிச்சதும் உனக்கும் அப்பிடி இருந்துச்சாக்கும்” என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழுந்து போனார்.

மறுநாள் அவருக்குச் சாப்பாடு கொடுக்கத் தேனிக்குப் போனபோது தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கினேன். அங்கேயே நின்றுகொண்டு, கட்டிப்போட்டிருந்த பேனாவால் எழுதினேன். எழுத்தை மாற்றி எழுதவில்லை. என் எழுத்தை யார் பார்த்திருக்கிறார்கள், மாற்றுவதற்கு?

‘நீ ஒரு தாயா? உன் மூத்த மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவள். நாளைக்கு இதைப் படித்தால் உன்னை அம்மா என்று கூப்பிடுவாளா? பேனா பிடிக்க உனக்கு லாயக்கு இல்லை. உன் புருஷனுக்கு ரோஷம் இல்லையா?’ இவ்வளவுதான். கீழே பேர் போடவில்லை.

பெட்டிக்குள் போட்டதும் உடம்பு லேசாகிவிட்டது. பயமே இல்லை. ஏன் என்றால் கார்டு எங்கே வரும்? என் ஜன்னல் திட்டுக்குத்தான் வரும். வந்ததும் எடுத்துக் கிழித்துப் போட்டுவிடலாம். திட்டின மாதிரியும் ஆயிற்று, அவளுக்குப் போய்ச் சேராத மாதிரியும் ஆயிற்று. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

இப்போது என் மகள் வீட்டில் போனில் காட்டுகிறார்கள். யாரோ ஒரு பெண் மனதில் பட்டதை எழுதுகிறாள், கீழே நூறு பேர் வந்து திட்டுகிறார்கள். பேர் இருக்காது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ இருக்கும். “எப்படித்தான் மனசு வருதோ இவங்களுக்கு” என்று என் மகள் கேட்பாள். எப்படி மனசு வரும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் ஜன்னலை விட்டு நகராமல் இருந்தேன். மூன்றாம் நாள் ஏலக்காய்க் கடைக்கு விடுமுறை. அண்ணன் தெருவாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். ஆள் நிற்கவும் தபால்காரர் கார்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மணி அடிக்கவே இல்லை. அண்ணன் மதினியைக் கூப்பிடும் சத்தம் கேட்டுத்தான் நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

“இந்தா, இங்க வா. நம்ம மூத்தவ நாலாப்புன்னு பத்திரிகையில எழுதுனியா?”

“இல்லையே.”

“அப்ப இவளுக்கு எப்பிடித் தெரியுது?”

மதினி கார்டை வாங்கிப் படித்தாள்.

“தேனி முத்திரை. இங்கன உள்ளவதான் எவளோ எழுதியிருக்கா. எனக்கு ரோஷம் இருக்கான்னு கேட்டிருக்கா. நான் அன்னிக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

அவர் கையை நீட்டினார். அவள் கொண்டையிலிருந்து பேனாவை உருவிக் கொடுத்தாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. ஊரில் எவன் என்ன சொன்னாலும் இன்னொன்று சொல்கிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எழுதுனவ யாருன்னு தெரிஞ்சா?”

“நேர்ல வந்து, நான்தான் எழுதுனேன், இன்ன காரணத்துக்கு எழுதுனேன்னு சொல்லட்டும். அப்ப அது ரெண்டு பேருக்கு உள்ள பேச்சு. பேனாவ அந்த நிமிசமே தாரேன். பேரு போடாம எழுதுனா அது பேச்சு இல்ல, ஊர் அசிங்கம்.”

பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு மறுபடி செயினை மாட்ட உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஜன்னல் கம்பி மட்டும்தான். நான் வாயைத் திறந்தால் போதும். நான் பின்னால் நகர்ந்து இருட்டில் நின்றுகொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இனி என் ஜன்னலில் அவள் பேருக்குக் கார்டு வராது.

இரண்டு நாள் கழித்து, நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, மதினி அந்தக் கார்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். நடுவில் கம்பி குத்திய ஓட்டை இருந்தது.

“ஏத்தா, வளவுக்கு வர்ற கார்டு எல்லாத்தையும் படிக்கிறவ நீ. இதையும் படி.”

“நான் எங்க மதினி படிக்கிறேன்...”

“அட, படிச்சா என்னத்தா? கார்டுதான. படி.”

நான் எழுதியதை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். தெரியாத எழுத்து மாதிரி தடுக்கித் தடுக்கி வாசித்தேன்.

“என்ன தோணுது?”

“மோசமா எழுதியிருக்கா.”

“மோசந்தான். இன்னொண்ணு இருக்குல்ல? மூத்தவ படிப்பாளேன்னு கேட்டிருக்கா பாரு, அது நியாயம். ஊர்ல உள்ளவுக எல்லாம் படிப்பாகன்னு நினைச்சு எழுதுன நான், எம்புள்ள படிப்பாளேன்னு நினைக்கல. எனக்குத் தோணாதது இவளுக்குத் தோணியிருக்கு.” அவள் மொச்சையை எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தாள். “நேத்து அவளை உக்கார வச்சு நானே படிச்சுக் காட்டிட்டேன்.”

“ஐயய்யோ, என்ன சொன்னா?”

“‘இப்ப இருக்கா?’ன்னு கேட்டா. ‘இப்ப நெறைய இருக்கு’ன்னேன். ‘சரி’ன்னுட்டு விளையாடப் போயிட்டா.”

எனக்குக் கண் கலங்கியது. குனிந்துகொண்டேன்.

“இவளுக்குப் பதில் எழுதணும்த்தா. நீ சொன்னதுல ஒண்ணு சரி, அதைச் செஞ்சுட்டேன்னு எழுதணும். பேரு இல்ல, விலாசம் இல்ல. பத்திரிகைக்குத்தான் எழுதணும். நான் எழுத மாட்டேன்னு அவுகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். சொல்ல மாட்டேன்னு குடுக்கல. நான் சொல்லச் சொல்ல நீ எழுதுறியா?”

“எனக்கு எழுத வராது மதினி.”

“வரும்த்தா” என்றாள். “உன் எழுத்து அழகா இருக்கும். கோடு போடாமலே வரி கோணாது.”

என் கை நின்றுவிட்டது. அவள் கை நிற்கவில்லை. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உரித்து முடித்ததும் கார்டை என் முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது உங்கிட்டயே இருக்கட்டும். பேரு போட்டு ஒரு கார்டு எழுதணும்னு எப்பவாச்சும் தோணுச்சுன்னா எழுது. எனக்கு வேண்டாம். உங்க அண்ணனுக்கு எழுது.” எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். “குழம்பு மணக்குது. ஒரு கரண்டி ஊத்து புள்ள, என் வீட்டுல இன்னிக்கும் அடிப்பிடிச்சிருச்சு.”

ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் எதிர்வீட்டில்தான் இருந்தாள். என்னோடு பேசுவதில் ஒரு மாற்றமும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா, “எந்தச் சிறுக்கி எழுதுனாளோ” என்று என்னை வைத்துக்கொண்டே பேசும்போதுகூட, “அவளுக்கு என்ன வலியோ பெரியம்மா” என்று சொல்லி நிறுத்திவிடுவாள். சண்டை போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் தெருவைக் கூட்டியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அதற்கும் பொறாமைப்பட்டேன். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க அவளுக்கு வந்தது. எனக்குத் தெரியாத மாதிரி இருக்க மட்டும்தான் வந்தது.

வெறுங்கொண்டையோடுதான் நடமாடினாள். பேசும்போது கை தானாகப் பின்னந்தலைக்குப் போகும், ஒன்றும் இல்லாமல் இறங்கும்.

கார்டு வாங்கி வைத்தேன். ‘அண்ணனுக்கு’ என்று ஒருதரம் எழுதவும் செய்தேன். பேர் போடுகிற இடம் வந்ததும் கிழித்தேன். அப்படி மூன்று கார்டு வீணாயிற்று.

பிறகு அவர்கள் போடிக்கே குடிபோனார்கள். சாமான் ஏற்றியபிறகு அண்ணன் சொல்லிக்கொள்ள வந்தார். சட்டைப்பையில் பச்சைப் பேனா இருந்தது. எனக்கு நேரே, கண்ணுக்கு எதிரே. மதினி வண்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

“வாரேன்த்தா” என்றார் அண்ணன்.

“பாத்துப் போங்கண்ணே” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதன்பிறகு பத்திரிகையில் அவள் கடிதம் வரவில்லை. “தங்கச்சி எழுதாம இது சப்புன்னு இருக்கு” என்று என் வீட்டுக்காரரும் வாங்குவதை நிறுத்திவிட்டார். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கார்டே வராது. பொறாமைப்பட ஆள் இல்லாமல் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் வெகுநாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் ஒன்று சொல்லும்போது, ‘இன்னொண்ணு இருக்குல்ல?’ என்று கேட்க ஒருவர் இல்லாத வளவு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அண்ணன் தவறிப்போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். மதினியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்கு எழுதியிருக்க வேண்டியதைத்தான் இப்போது பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு எழுதியிருக்கிறேன். கவரின் பின்பக்கம் என் பேரும் விலாசமும் முழுதாக இருக்கிறது. அச்சில் போடுவதானால் என் பேரை எடுத்துவிடாதீர்கள்.

ஒரு உதவி செய்யுங்கள். நான் எழுதியதில் தப்பு இருக்கும். அவள் கடிதத்தின் வரிகளை, அந்த வாரப் பத்திரிகையின் பழைய தொகுப்பு வைத்திருக்கிறவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். மூத்த மகள் கண்ணில் இது பட்டால், அன்றைக்கு அவள் அப்படித்தான் கேட்டாளா, ‘சரி’ என்றுதான் சொன்னாளா என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். அவள் அம்மாவுக்கு அந்தப் பேனா எப்போதாவது திரும்பக் கிடைத்ததா என்பதையும் கேளுங்கள்.